பனித்தரைக்கு அடியில் ஓர் இலை

ஹெர்ஸ்ட், ஒன்டாரியோ
ஏப்ரல் 14

அன்புள்ள ரெமி அண்ணாவுக்கு,

கொலெட் எழுதுவது. சுரங்க வேலையில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எனக்குப் பேச்சே வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

அண்ணா, அம்மா உனக்காக வாங்கி வைத்த தங்க நாணயம் கிடைத்துவிட்டது! நீ விற்கவில்லை!

நீ போனபின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஹாக்கி அரங்கில் அப்பாவோடு வேலை செய்கிறேன். பருவம் முடிந்து நேற்று பனித்தரையை உருக்கினோம். அதிர்ஷ்டத்துக்காக நடுவில் புதைத்த ஒரு டாலர் நாணயத்தை எடுக்க நான்தான் சுரண்டினேன். ராணியின் முகம் தெரிந்தது. திருப்பினேன். டாலரில் இருக்கும் பறவை இல்லை, உன் தங்க நாணயத்தின் மேப்பிள் இலை! கத்திவிட்டேன். சிற்றுண்டிக் கடை சொலாஞ்ச் அக்கா ஓடிவந்து, "அடிப் பாவி, வாயத் தொறக்கவே காசு கேப்ப, இன்னிக்குக் கூரையே பிச்சிக்கும் போலிருக்கே!" என்றார்.

தப்பு என்னுடையது. செப்டம்பரில் பனித்தரை போட்டபோது, உதவிக்கு வந்த என்னிடம் அப்பா, "டப்பாலேர்ந்து ஒரு டாலர் எடுத்து வெச்சிடு, கண்ணு" என்றார். நீ அந்த நாணயத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அரங்கில் இருக்கும் அந்தச் சில்லறை டப்பாவிலேயே போட்டுவிடுவாயே! தடித்த கையுறையோடு எடுத்தேன். டாலரும் தங்க நிறம்தான், இரண்டிலும் அதே ராணி. முகம் மேலே இருக்க வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். குளிர்காலம் முழுக்க அதன் மேல்தான் தரையை வழவழப்பாக்கும் ஐஸ் வண்டியை ஓட்டியிருக்கிறேன்.

நீ வீட்டை விட்டுப் போன அன்று, "நாணயத்த வித்துத்தானேடா வண்டி வாங்கின?" என்று அப்பா உன்னைக் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், திக்காமல். அவர் ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அவன் மூணு தரம் இல்லைன்னு சொன்னானே" என்று மட்டும் சொன்னார்.

அடியிலிருந்து நெம்பியபோது கருவி பட்டு இலையின் ஒரு முனையில் கீறல் விழுந்துவிட்டது. சுத்தத் தங்கம், அவ்வளவு மெது. நாணயம் சேகரிப்பவர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், விற்கப்போவது யார்?

அப்பா உனக்கு எழுதமாட்டார். இன்று காலை உன் சறுக்குக் காலணிகளைத் தேடி எடுத்து, இரண்டு மணி நேரம் கூர் தீட்டினார். இனி செப்டம்பர் வரை இங்கே பனித்தரை கிடையாது, அண்ணா. அவருக்கும் அது தெரியும்.

வந்துவிடு. இந்த முறை நான் பேசுவேன்.

உன் தங்கை,
கொலெட்