முள் ரப்பர்

3 மார்ச் 2024, ஞாயிறு
மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஐந்து மாதம். எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். கூடிய மணிக்கட்டு ஏன் சுழல மறுக்கிறது? மேசைப்பந்துப் பயிற்சியில் நான் அடித்ததெல்லாம் வலையில். லெட்சுமி குனிந்து பந்தைப் பொறுக்கி எடுத்து வந்தாள். ஒன்பது வருடமாக என் இரட்டையர் ஜோடி, திட்டியிருந்தால்கூடத் தேவலை. மே மாதம் லுக்குட்டில் போட்டி.

6 மார்ச்
மட்டையை மாற்றினால் சரியாகிவிடும். கை அசையாமலேயே வேகம் தரும் ரப்பர் இருக்கிறதாம். யூடியூபில் ஒருவர் அதை மின்னல் என்கிறார், அடுத்தவர் களிமண் என்கிறார். யாரை நம்புவது? "பேட்டுக்கு மாப்பிள்ள பாக்குறியா?" என்றார் என் வீட்டுக்காரர் அர்ச்சுனன். சிரிப்பு வரவில்லை.

11 மார்ச்
புது மட்டை வந்தது. நான் வேலை பார்க்கும் செம்பனை எண்ணெய் ஆலையில், என் லேப் தராசிலேயே நிறுத்தேன். 191 கிராம். பழையது 176. மேலாளர் ராமகிருஷ்ணன் பார்த்துவிட்டார். "பதினஞ்சு கிராம் லா மோகனா, அதுக்குப் போயா?"
மாலையில் அந்தப் பதினைந்தையும் மணிக்கட்டு ஒவ்வொன்றாக எண்ணியது.

16 மார்ச்
லெட்சுமி சொல்லிவிட்டாள். "லுக்குட்டுக்கு நான் சிரம்பான் கிளப்பு புனிதாகூட பேரு குடுத்துட்டேன்டி. ஒன் கை மொதல்ல சரியாவட்டும். தப்பா நெனைக்காத லா."
"சரி" என்றேன்.
என்ன சரி? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒம்போது வருஷம்டி!

17 மார்ச்
எழுதப் பிடிக்கவில்லை.

24 மார்ச்
இன்னொரு மட்டை. 158 கிராம். அளவுகோலை நிறுத்திப் பந்தைப் போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று குறித்தேன். எண்கள் அத்தனையும் அழகு. தோட்டத்து மண்டபத்தில் ஆடியபோது பந்து மேசையைத் தொடாமல் சுவருக்குப் போனது.

31 மார்ச்
எங்கள் செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் ஆடும் மகேந்திரன் தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் மட்டையை எடுத்தேன். கறுப்புப் பக்கம் முழுக்க நீள நீளமான ரப்பர் முட்கள். 'வயசானவங்க ரப்பர்' என்று விமர்சனங்களில் கேலி செய்வார்களே, அதுதான். எதிரே நின்றவர் அடித்த பந்து வந்தது. கையைச் சும்மா வைத்திருந்தேன். வந்த சுழலோடு திரும்பிப்போய், எதிர்ப்பக்கம் தாழ்வாக இறங்கியது. வலியே இல்லை.
அடிக்காமல் ஆடுவதா? நானா?

20 ஏப்ரல்
அதையே வாங்கி ஒட்டி இரண்டு வாரமாகிறது. பந்து உயர எழும்பி அவமானப்படுத்துகிறது. இரண்டு முறை மட்டையைத் தூக்கிப் போட்டேன், இரண்டு முறையும் போய் எடுத்தேன். இன்று ஒரு பந்தில் மட்டும் உள்ளங்கையில் மந்தமாக ஒரு 'டொக்'. இதுதான் என்று கைக்குத் தெரிந்தது. எப்படி? தெரியாது. ஒற்றையரில் பெயர் கொடுத்துவிட்டேன்.

19 மே, ஞாயிறு
லுக்குட். அவளும் ஒற்றையரில் பெயர் கொடுத்திருக்கிறாள், காலிறுதியில் எதிரே லெட்சுமி! ஆட்டத்துக்கு முன் என் மட்டையை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் முட்களை வருடினாள். "இதுக்கா மாறிட்ட?"
அடித்தாள். மட்டையைச் சும்மா காட்டினேன், பந்து திரும்பியது. மறுபடி அடித்தாள், வலையில். ஐந்தாவது செட்டில் வென்றேன். அரையிறுதியில் தோற்றேன், அது வேறு.

26 மே
போனில் லெட்சுமி: "மறுபடி ஜோடியா ஆடலாமா?"
ஆசையாகத்தான் இருந்தது. "செவ்வாக்கெழம வா. ஆனா எதிர்ப்பக்கம் நில்லு. என் முள்ளு ரப்பருக்கு ஒன் அடி வேணும்" என்றேன்.


28 மே
வந்தாள். எதிர்ப்பக்கம் நின்று வியர்க்க வியர்க்க அடித்தாள்.