திரைக்குத் தாமதமாய் வந்த சேதி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா கைத்தடி பிடிக்கிறாளா, இன்னும் வீம்புதானா? நான் நலம்.

வேலையில் ஒரு சின்னச் சறுக்கல், போனில் சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் தகவல்கள் போகும் லைன்களில் நெரிசல் சேராமல் பார்ப்பதுதானே என் வேலை? செவ்வாய்க்கிழமை ஒரு லைனில் நெரிசல் என்று திரையில் கண்டதும் அதில் தகவல் போகும் வேகத்தைச் சடாரென்று குறைத்தேன். திரைக்குச் சேதி வரவே சில நிமிஷம் ஆகும் என்பதை மறந்துவிட்டேன். அதற்குள் நெரிசல் தானே கரைந்திருந்தது. லைன் காலியாகக் கிடக்கவே பதறித் திறந்தேன், மறுபடி அடைத்துக்கொண்டது. இந்த ஆட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் முக்கால் மணி நேரம் டாக்டருக்குப் போகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். மேலதிகாரி, "பழைய சேதிக்கு இவ்வளவு பலமா பிரேக் போடலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா விழுந்ததைப் பதினோரு நாள் கழித்துத்தான் சொன்னீர்கள். அவள் எழுந்து நடந்த பிறகு நான் இங்கே உட்கார்ந்து அழுதேன். இனி எதுவானாலும் அன்றைக்கே சொல்லுங்கள். என் பழைய போர்வையையும் அனுப்பி வையுங்கள்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இது கைக்கு வரும்போது நான் தேறியிருப்பேன். ஆனாலும் கொஞ்சம் பதறி, ஒரு போன் போடுங்கள்.

உங்கள் மூத்தவள்