மணிமங்கலத்துக்கு நானே ஓட்டிப் போனேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கவியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா? இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. இதைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் கடிதம்.

வீட்டுக்கார மரகதம் அக்காவிடம் பெரிய பிக்கப் வண்டி இருக்கிறதல்லவா? கார் கம்பெனியில் புது வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்கு ஓட்டிப் பழகியவள் என்பதால், ஞாயிறுதோறும் அவர்கள் குடும்பத்தை நான்தான் வெளியே கூட்டிப்போவேன். வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

போன ஞாயிறு மணிமங்கலம் கோயில். வாசலில் ஓர் அம்மாள், "ஏம்மா, இம்புட்டுப் பெரிய வண்டிய நீயா ஓட்டிட்டு வந்த?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் நிறையப் பேசினேன். பின்னால் நின்ற அவர் மகனைக் கவனிக்கவே இல்லை.

திரும்பும்போது அக்கா சிரித்தார். "அவங்க மாப்ள வூட்டுக்காரங்க. பொண்ணக் கோயில்லயே காட்டிடுங்க, அவளுக்குத் தெரிய வேணாம்னு உங்கம்மாதான் சொன்னாங்க. இன்னா, புடிச்சிக்கிதா?"

என்னைக் காட்டும் இடத்துக்கு நானே வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன், அம்மா. நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அக்காவிடம் சொன்னதை என்னிடமும் சொல்லியிருக்கலாம்.

இனி ஞாயிறு ஓட்ட வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் இட்லிப் பொடியும், அலமாரியில் இருக்கும் நாவல்களில் தடிமனான இரண்டும் அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. பதிலை நீங்களே எழுதுங்கள். அக்காவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

உங்கள் மகள்
கவியா