புல்லும் ஹுல்லும்

அன்புள்ள தமயந்திக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியமா? நான் நல்லா இருக்கேன். பெங்களூருக்கு வெளியே காய்கறித் தோட்டத்துலதான் வேலை. தக்காளி பறிச்சு முடிஞ்ச பாத்தியில மிஞ்சின வைக்கோலை வாரி, உதறி, அடுத்த பாத்திக்கு மண்ணு காயாம மூடாக்காப் போடணும்.

வந்த புதுசுல மேஸ்திரி, "ஹுல்லு தகொண்டு பா"ன்னார். புல்லுதான் கேக்கறார்னு ஒரு கட்டு அறுத்துட்டுப் போனேன். எல்லாரும் சிரிச்சாங்க. கன்னடத்துல வைக்கோலும் ஹுல்லுதானாம்.

இப்ப எனக்கும் அதான் வாயில வருது. ஞாயித்துக்கிழமை கூட்டாளி போன்லேர்ந்து, "மாட்டுக்கு ஹுல்லு போட்டியா?"ன்னு கேட்டேன். நீ, "யாருங்க பேசறது?"ன்னே. பேரைச் சொல்லாமலே போனை வெச்சுட்டேன். அதுலேர்ந்து இருப்புக் கொள்ளலை.

இங்கேர்ந்து நம்ம ஊருக்கு வர்ற தக்காளி வண்டிக்காரர்கிட்ட வீட்டுப் போர்வை ஒண்ணு கொடுத்தனுப்பு. துவைக்க வேணாம்.

மேஸ்திரி கூப்பிடறார்.

அன்னைக்குப் பேசினது நான்தான்,
ஜெயவேலு