கயலின் நாற்காலியில் அம்மா

என் கயலு,

நீ இல்லாமல் ஒரு பருவத் தேர்வும் முடிந்துவிட்டது. இலக்கியக் கோட்பாட்டுத் தாளில் எப்படித் தேறினேன் என்று மட்டும் கேட்காதே. எனக்குச் சொல்லிக்கொடுக்க நீ இல்லாத முதல் தேர்வு அது.

நம் சனிக்கிழமை வாசிப்புக் கூட்டம் இன்னும் நடக்கிறது. நீ போட்ட விதிதான் இன்றும் விதி. கதை எழுதியவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும், கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. "எழுதியாச்சுல்ல, இனி அது நம்மளது இல்லக்கா" என்பாய். உன் கதையை நாங்கள் கிழித்துத் தொங்கவிட்டபோதும் நகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தவள் நீ.

போன வாரம், நீ கண்மூடுவதற்கு முன் எழுதிய கடைசிக் கதையை எடுத்தோம். உன் அம்மாவை நான்தான் அழைத்திருந்தேன். கோச்சடையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது உன்னுடையது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

பல்கலைக்கழக நேர்காணலுக்குப் போகவிடாமல் மகளை அறையில் பூட்டிவைக்கும் தாயின் கதை. நம்மவர்கள் விடுவார்களா? "அவ தாயே இல்ல, குடும்ப அதிகாரத்தோட குறியீடு" என்றான் பிரபு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கதையில் வரும் தாய் வேறு, வந்திருக்கும் தாய் வேறு என்று அம்புட்டுப் பேரும் படித்து வைத்திருந்தோமே. உன் அம்மா உன்னைப் போலவே வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூட்டுனது நாந்தேன் தாயி. மனசு கேக்காம மறுநா நானே கூட்டியாந்து சேத்துவிட்டேன். அந்தக் கோவத்தோடயே போயிட்டாளா எம்புள்ள?"

எழுதியவர் மனதைத் தேடாதே, எழுத்தைப் பார் என்பது நம் பாடம். பெற்றவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? வேறு வழி தெரியாமல் உன் கதையையே மறுபடி புரட்டினேன். நடுவில் ஓர் இடம். உள்ளேயிருந்து மகள் கதவிடுக்கில் பார்க்கிறாள். வெளியே தாய், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, சாப்பிடாமல், கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்தில் அந்த இடத்தை ஒருவரும் தொடவில்லை, நானும்தான்.

அதை வாசித்துக் காட்டினேன். அம்மா என் கையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நா வெளிய உக்காந்திருந்தது அவளுக்குத் தெரியுமா?"

நான் அழுதுவிட்டேன் கயலு. எத்தனை வருடமாக இது தெரியாமல் அவர் அந்தப் பாரத்தைச் சுமந்தார்? நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? எழுதியதையே அவரிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டாயா?

பஸ் ஏறும்போது, "அடுத்த வாரமும் வாரேன்" என்றார். அந்த நாற்காலியை அவருக்கே போட்டு வைப்பேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி அதில் உட்காருபவர் பேசலாம்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
தேவகி