அப்பாவுக்கு முன்பே தெரிந்துவிட்ட செய்தி

திண்டுக்கல்,
11.7.2010

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு,

ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் தினமும் என் வேண்டுதல். நாங்கள் இங்கே இருக்கிறோம், எப்படி என்பதைப் படித்துக்கொண்டே வா. குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகிறது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து குடம் தூக்குவதும் என் வேலைதான். போன வாரம் போனில் குரல் ஏன் சோர்ந்திருக்கிறது என்று நீ கேட்டபோது தண்ணீர்க் கஷ்டம் என்றேன், அது பாதிதான் உண்மை.

மே மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது, சுண்டைக்காய் அளவு, வலி இல்லை. அப்போதுதான் அப்பாவுக்குக் கண்கட்டு பிரித்திருந்தார்கள், ஒரு மாதம் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் அவர் தூங்கும்போது நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் அதைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பேன், படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. நீ சொல்லிக் கொடுத்தபடி, பார்த்த பக்கங்களின் பட்டியலை அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதால் அப்பாவும் காலையில் அதில்தான் பேப்பர் படிப்பார். ஒரு நாள் ஓரத்தில் மார்பகப் புற்றுநோய் ஆஸ்பத்திரி விளம்பரம். ஒட்டன்சத்திரம் தக்காளி விலை பார்த்தாலும் அது, வேறு பேப்பரைத் திறந்தாலும் அது. ஐந்தாம் நாள் சோற்றில் கை வைக்காமல், “மகேசு, இந்தப் பெட்டியத் தொடுறது நாம ரெண்டே பேரு. நான் இதத் தேடல. உனக்கு என்ன செய்யுது, மறைக்காமச் சொல்லு” என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்களுக்கு யார் சொன்னது என்று சத்தம் போட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நீயாச் சொல்லுவன்னு நாலு நாளாப் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார். ஒரே வீட்டில் அந்த நாலு நாளும் அவர் தனியாகப் பயந்திருக்கிறார், நான் தனியாகப் பயந்திருக்கிறேன்.

எதிர்வீட்டு ஜெயமேரி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாளே, அவளிடம் கேட்டேன். நாம் பார்க்கிற பக்கங்கள் நம் கம்ப்யூட்டரிலேயே சின்னக் குறிப்பு ஒன்றைப் போட்டு வைக்குமாம், குக்கி என்று பெயராம். பல பக்கங்களுக்கு விளம்பரம் கொடுக்கிறது ஒரே கம்பெனி என்பதால், அது அந்தக் குறிப்பை வைத்து, இது அன்றைக்கு அந்த நோயைத் தேடிய கம்ப்யூட்டர் என்று கண்டுகொள்ளுமாம். “நீங்க பட்டியலத்தான் அழிச்சீங்க அத்தை, குக்கி அப்படியே கெடந்திருக்கு” என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி விளம்பரம் போய் நகைக்கடை விளம்பரம் வந்தது. ஆனாலும் அப்பா இப்போது கடையில் பேப்பர் வாங்கி, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படிக்கிறார். அவர் கேட்டதால்தான் சீக்கிரம் டாக்டரிடம் போனோம், அது நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் உடம்புச் சங்கதியை அவரிடம் நான் சொல்வதற்கு முன்னால் யாரோ ஊர் பேர் தெரியாதவன் சொல்லிவிட்டான், அது இன்னும் ஆறவில்லை.

மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான் செல்வி. ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்தால் குணமாகும் என்கிறார் டாக்டர். 26ஆம் தேதி நாள் குறித்திருக்கிறது, நிலக்கோட்டையிலிருந்து சண்முகவள்ளி சித்தி வந்து கூட இருப்பாள். போனில் என்றால் உன் அழுகையைக் கேட்டுப் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். லீவு போட்டு ஓடி வராதே, பிறகு வா, உன் கையால் இரண்டு நாள் சாப்பிட்டால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள், சொந்தத்தில் ஒருத்திக்கு வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழ எங்கள் ஆசி. ஒன்று மட்டும். இதைப் படித்ததும் கம்ப்யூட்டரில் போய் அந்த நோயின் பெயரைத் தட்டாதே. என்ன கேட்க வேண்டுமானாலும் என்னைக் கேள். மறைக்க மாட்டேன்.

உன் அம்மா,
மகேஸ்வரி