நான்காவது கேமரா

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது கேமராவும் இன்று காலி. முதலாவது கான்கிரீட்டில் விழுந்தது, இரண்டாவது ஆற்றில். இது பாறையில் ஒரு முறை பட்டு, அதன் பிறகு ஆற்றில். வகைக்கு ஒன்றாக அனுபவம் சேர்த்துவிட்டேன்.

"தலை!" என்று கத்தினேன். பாலத்தடியில் தொங்கி வேலை செய்கிற நாங்கள் கையிலிருந்து எது நழுவினாலும் அப்படித்தான் கத்த வேண்டும். கீழே நிற்பவர்கள் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இன்று கீழே யாரும் இல்லை. தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேலே நின்று என் கயிற்றைப் பார்த்துக்கொள்பவர் கயிறு அண்ணன். பதினொரு வருடமாக என் உயிர் அவர் கையில். என்னை மேலே ஏற்றியதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கேமரா வாரை மாட்டத்தானே இடுப்புல கொக்கி வச்சிருக்கு? அதை ஏம்மா கழட்டுற?"

"வார் நீளம் பத்தலண்ணே. படம் சரியா வந்திருக்கான்னு தள்ளி வச்சுப் பாக்க முடியல."

"மத்தவங்களுக்கெல்லாம் பத்துது."

மற்றவர்களுக்குக் கை குட்டை என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கயிற்றைச் சுருட்டினார்.

மார்ச் 4, புதன்

பெரியவர் கூப்பிட்டார். எங்கள் தலைமைப் பொறியாளர். என்னைவிட நான்கே வயது மூத்தவர். தலை சீக்கிரம் நரைத்ததால் அந்தப் பெயர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஜன்னல் பக்கம் புதுசா ஒரு மேசை போட்டிருக்கோம், பாத்தீங்களா? அடுத்ததும் விழுந்து உடைஞ்சா நீங்க அங்க உக்காந்துடுங்க. மத்தவங்க எடுத்துட்டு வர்ற படத்தைச் சரிபாருங்க. அதுவும் பெரிய வேலைதாம்மா."

அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

"கடைசி வாய்ப்பு. எந்த கேமரான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. எப்படியெல்லாம் விழும்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். கிண்டலா, அக்கறையா? இரண்டும்தான்.

பத்தொன்பது வருடம் இந்த வேலை. பாலத்தின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டு, விரிசல் பக்கத்தில் வெவ்வேறு அகலத்தில் கோடு போட்ட அட்டையை வைத்து, படம் எடுத்து, விரிசல் எந்தக் கோட்டின் அகலம் என்று எழுதுவது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம். கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் மேலே பஸ் போகும்போது அதன் அதிர்வு என் முதுகுக்குள் இறங்கும். கீழே ஆற்றில் பட்ட வெயில் மேலே கான்கிரீட்டில் ஆடும். அதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காரவா? மாட்டேன். உட்கார மாட்டேன்.

மார்ச் 7, சனி

இவர், என் வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார் என்பதை நான் அவ்வப்போது மறந்துவிடுகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டம் போட்ட தாள். எட்டு கேமராவுக்கு எட்டு வரிசை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும், தண்ணீர் புகுமா, கையுறையோடு அழுத்த பட்டன் பெரிதா, ஆற்றில் விழுந்தால் மிதக்குமா – ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மூன்று பெயில். ஒன்று பார்டர் பாஸ்.

"ஏங்க, 'அழகு'ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க?"

"அது உன்கூட சுத்தப்போற கேமரா. பாக்க நல்லா இருக்க வேணாமா?"

இருபது வருடம் ஆகியும் இந்த மனிதருக்கு இப்படி ஒரு வாய்.

மகள் சும்மா இருப்பாளா? எந்தப் பக்கமாக விழுந்தால் அடி குறைவு என்று கண்டுபிடிக்கிறாளாம். சோப்பு டப்பாவில் அரிசியை நிரப்பி மாடிப்படியிலிருந்து பதினேழு முறை போட்டாள், ஒவ்வொரு முறையும் "தலை!" என்று கத்திக்கொண்டே. பதினெட்டாவதில் டப்பா திறந்துகொண்டது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு வெளியே வந்து, மேலே பார்த்து, "ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்றார். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் காலில் அரிசி குத்துகிறது.

மார்ச் 14, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கடைக்கு நானும் இவரும் போனோம். கடைப் பெண் பொறுமைசாலி. முதல் கேமராவை எடுத்துக் கொடுத்து, "இது கையில நல்லா பிடிமானமா இருக்கும், விழவே விழாது மேடம்" என்றாள்.

"விழுமா விழாதான்னு கேக்கலம்மா. விழும். விழுந்தா என்ன ஆகும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய், முரட்டுக் கேமராக்களாக எடுத்து வந்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, கடைச்சுவரில் இருந்த ஒரு கீறலைப் படம் பிடித்து, திரையைப் பார்த்தேன். முதலாவது மங்கல். வேண்டாம். இரண்டாவதும் மங்கல். மூன்றாவது, இவருடைய தாளில் தொண்ணூற்றொன்று வாங்கிய ஆரஞ்சு நிறக் கேமரா – அதுவும் மங்கல். ஐந்தாவதோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது, அடி தாங்கணும்னா படம் தெளிவா வரக்கூடாதா? ஒண்ணுகூட உருப்படியா இல்லையே!"

அந்தப் பெண் ஆரஞ்சுக் கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள்.

இவர் பையிலிருந்து தான் விடைத்தாள் திருத்தும்போது போடுகிற கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினார்.

கீறல். மயிரிழை போலச் சுவரில் வளைந்து, நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு ஆணி ஓட்டையில் போய் முடிகிற கீறல். பிரிந்த இடத்தில் ஒட்டியிருந்த தூசிகூடத் தெரிந்தது.

அப்போ கேமராவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். கை நீளமும் இல்லை, வார் நீளமும் இல்லை. கிட்டத்தில் வைத்தால் தெரியவில்லை, அதனால் தள்ளி வைத்துப் பார்த்தேன். தள்ளி வைக்க வார் பத்தவில்லை, அதனால் கொக்கியைக் கழற்றினேன். கழற்றி, கையை முழுசாக நீட்டி, விரல் நுனியில் பிடித்து... மூன்று கேமராவையும் நானே கொன்றிருக்கிறேன்!

கடை நடுவில் நின்று அழுதேன். அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "எங்க அம்மாவும் ஃபோனை மாத்தணும்னு ரெண்டு வருஷம் சண்டை போட்டாங்க மேடம்" என்றாள். தங்கமான பெண்.

ஆரஞ்சையே எடுத்து வைக்கச் சொன்னோம்.

மார்ச் 16, திங்கள்

கண் டாக்டரைப் பார்த்தேன். "இந்த வயசுக்கு இது சகஜம்தான். எவ்வளவு நாளா சமாளிச்சீங்க?" என்றார். ஏதோ சாதனை மாதிரி கேட்டார். நானும் சாதனை மாதிரியே பதில் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடி வந்துவிட்டது! பருப்பில் கல் தெரிகிறது. மகளின் புருவத்தில் சின்னத் தழும்பு தெரிகிறது. ஜனவரியிலிருந்து இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன் – பக்கத்துக்குப் பக்கம் என் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. போன வாரம் ஒரு வரியில் நாலே வார்த்தை. எப்படி எனக்கு உறைக்கவே இல்லை?

மார்ச் 18, புதன்

சந்தோஷம் ஒரு நாள்கூட முழுதாக நிற்கவில்லை.

ஆபீஸில் பிப்ரவரிப் படங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மேற்குத் தூண்களில் பதினோரு படம் நிஜமாகவே மங்கல். பதினேழாம் எண் விரிசலில் அட்டையின் கோடு எது, விரிசல் எது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன்: 0.2 மில்லிமீட்டர். எதைப் பார்த்து எழுதினேன்? போன வருடம் அங்கே 0.2. அதனால் இந்த வருடமும் 0.2 என்று என் கண் நினைத்துக்கொண்டதா? அந்தப் பாலத்தில்தான் இவருடைய பள்ளிக்கூட பஸ் போகிறது.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். "யார்கிட்டயும் சொல்லாம போய் மறுபடி எடுத்துட்டு வந்துடலாமா?"

"நீ என்கிட்ட கேக்குறியா, இல்ல உனக்கே சொல்லிப் பாக்குறியா?"

கணக்கு வாத்தியாரோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். கண்ணாடி, கொக்கி, பதினோரு படம், எல்லாம். சொல்லும்போதே அந்த ஜன்னல் மேசை கண் முன்னால் வந்து நின்றது. போகட்டும், என்ன செய்வது?

பெரியவர் படங்களைத் திறந்தார். திரைக்குக் கிட்டே போனார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மறுபடி கிட்டே வந்தார். 

"பதினொண்ணும் மங்கலா?"

"ஆமா சார்."

"இதையெல்லாம் பாத்து நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

 என் கண்ணாடியைக் கேட்டார். போட்டுக்கொண்டு பதினேழாம் எண்ணைப் பார்த்தார். கழற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை மறுபடி இறங்குங்க. பதினொண்ணையும் எடுக்கணும். நானும் வர்றேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண் டாக்டர் ஃபோன் நம்பர் இருக்காம்மா?"

மார்ச் 24, செவ்வாய்

0.2.

பதினேழாம் எண், 0.2. மூன்று முறை படம் எடுத்தேன், மூன்று முறையும் அட்டையின் அதே கோடு. மற்ற பத்தும் போன வருடம் இருந்தபடியே. மேலே கைப்பிடியில் சாய்ந்து பெரியவர் "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னதும் கயிறு அண்ணனைக் கட்டிப்பிடித்தார். "சார், கயிறு! கயிறு!" என்று அண்ணன் அலறினார். கீழே தொங்கிக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்த அன்பின் ஆட்டம் முழுக்க வந்து சேர்ந்தது.

எவ்வளவு அழகாக இருக்கிறது இந்தப் பாலம்! பலகை வைத்து வார்த்த கான்கிரீட்டில் மரத்தின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. பத்தொன்பது வருடம் பார்த்த இடம். பழையபடி கிட்டத்தில் பார்க்கக் கிடைத்ததே, அது போதும். கேமராவை முகத்துக்கு நேராக வைத்தே பார்த்தேன். வார் நீளம் தாராளம்.

ஏப்ரல் 2, வியாழன்

மேற்குத் தூண்கள் முடிந்தன. படங்களெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறியாகிவிட்டது. ஆனால் எங்கள் குழுவுக்கு ஒரு மனக்குறை.

"அடி தாங்கும், அடி தாங்கும்னு வாங்கினோம். ஒரு தடவைகூட விழலையே!" என்றார் கயிறு அண்ணன். என்னமோ நான் வேண்டுமென்றே ஏமாற்றிய மாதிரி. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பெரியவரே, "வாங்கின பொருளைச் சோதிச்சுப் பாக்கணும்ல?" என்றார்.

பாலத்துப் படிக்கட்டின் முதல் மேடை இரண்டு ஆள் உயரம். கீழே ஜல்லி. ஆட்கள் வராமல் கயிறு கட்டியாயிற்று. கேமராவைத் தானாகப் படம் எடுக்கிற மாதிரி வைத்து, கொக்கியை – எல்லோர் அனுமதியோடும் – கழற்றினேன். கையை நீட்டினேன். விட்டேன்.

"தலை!" என்று ஆறு பேரும் கத்தினோம். பெரியவர் குரல்தான் பெரிது.

ஜல்லியில் குதித்து, புரண்டு, நின்றது. மூலையில் ஒரு கீறல், அவ்வளவுதான். நடுவானில் எங்களை ஒரு படம் எடுத்திருந்தது: கைப்பிடிக்கு மேலே ஆறு முகம், ஆறு திறந்த வாய்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து தன் புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. "மங்கலா இருக்கேம்மா" என்று ரகசியமாகச் சொன்னார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். "பயப்படாதீங்க சார். இது நிஜமாவே மங்கல்" என்றேன். அவருக்கு வந்த சிரிப்பில் மூக்கிலிருந்து கண்ணாடி நழுவியது. நல்லவேளை, பிடித்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் வடக்குத் தூண்கள். வேலைப் பட்டியலில் இறங்குபவர் என்ற இடத்தில் என் பெயர். அந்த மங்கல் படத்தைப் பெரியவர் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, ஜன்னல் பக்கத்து மேசையில் உட்கார வைத்திருக்கிறார்.